ஆனையின் வயிற்றில்

இன்னும் தலைகீழாகத்தான் நிற்கிறேன், என்று நினைத்துக்கொண்டாள் டெல்பின், பித்தளையில் தெரியும் முகத்தில் நெற்றி கீழே, தாடை மேலே, யாரோ காலைப் பிடித்துத் தூக்கிப் பித்தளைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டதுபோல, இன்னும் கொஞ்சம்தான், உள்ளேயிருந்து மெல்லத் தேய்த்தால் போதும், அவசரப்பட்டால் தகடு கிழியும், கிழிந்தால் இன்றைக்குச் சாயங்காலம் மாதா கோயிலில் கொடி ஏறும்போது ஆனைக் குழல் ஊமையாக நிற்கும். பட்டறை மேசையில் ஒரு கம்பியை முறுக்கி நிறுத்தியிருக்கிறது, கம்பியின் முனையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு எஃகுக் குண்டு, அந்தக் குண்டு உள்ளே போகும்படி குழலைக் கவிழ்த்து, குழந்தையைக் குளிப்பாட்டக் காலில் போட்டுக்கொள்வதுபோல அணைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் இழுக்கிறாள், குண்டு அசைவதில்லை, குழல்தான் அசைகிறது, அசையும்போது வயிற்றுக்குள் கடல் ஒதுங்குவதுபோல ஒரு சத்தம். பள்ளம் விழுந்த பித்தளை முகத்தைக் கவிழ்த்துக் காட்டும், பள்ளம் எழுந்து பழையபடி உப்பிவிட்டால் முகம் தானாக நிமிர்ந்துவிடும், அவளிடம் வேறு அளவுகோல் கிடையாது, எந்தக் குழலானாலும் தன் முகம் நிமிரும்வரை அவளுக்கு வேலை இருக்கிறது, நிமிர்ந்ததும் கையை எடுத்துவிடுவாள், சின்ன டிரம்பெட்டில் நிமிர்ந்தாள், யூபோனியத்தில் நிமிர்ந்தாள், இதில் மட்டும் இத்தனை நாளாக நிமிரவில்லை, அவளுக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவள் புருசன் கஸ்பார் திரும்பாமலே கேட்கிறான், ஏட்டி, இன்னுமா எந்திரிக்கல அது, அவள் சொல்கிறாள், விழுந்தது பெரிய ஆளுல்லா, மெதுவாத்தான் எந்திரிப்பாவ.

அது என்று அவன் சொல்கிறான், ஆனை என்று சொல்வதில்லை, பேரைச் சொல்லாமல் சுற்றிப் போகிறான், அந்தப் பேரைக் கடற்கரை முழுக்கப் பரப்பியவனே அவன்தான். கோயில் பேண்டில் எல்லாக் குழலுக்கும் அப்பன் போல நிற்கும் பெரிய குழல், ஊதுகிறவன் தோளைச் சுற்றி வளைந்து, வாய் அவன் தலைக்குமேல் தாம்பாளமாக விரிந்திருக்கும், எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கப்பலில் கொண்டுவந்தது, அடிவயிற்றில் ஏதோ வெளிநாட்டு ஊர்ப் பேர் வெட்டியிருந்ததாம், வருசாவருசம் திருவிழாவுக்கு முன்னால் மாதா சபைப் பெண்கள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்தப் பேர் எப்போதோ போய்விட்டது. கல்யாணத்துக்காக உள்நாட்டுக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவள் அவள், கடலையே அன்றைக்குத்தான் பார்த்தாள், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி நின்றபோது, சிமிண்டுத் தரை நடுங்கியது, காதுக்கு வருவதற்கு முன்னால் உள்ளங்காலுக்கு வந்துவிட்டது அந்தச் சத்தம், பிறகு முழங்கால், பிறகு அடிவயிறு, பயந்து பக்கத்தில் திரும்பினால் மாப்பிள்ளையைக் காணோம், தாலி கட்ட வேண்டியவன் பேண்டுக்காரர்களுக்கு நடுவில் பட்டு வேட்டியோடு நின்று கன்னம் இரண்டும் உப்ப ஊதிக்கொண்டிருக்கிறான், அவனுடைய அண்ணன் இன்னாசி, பேண்டு மாஸ்டர், கையிலிருந்த கோலால் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, ஏல, உன் கல்யாணத்துக்கு நீயே ஊதுனா யாருல மோதிரம் போடுதது என்கிறார், கூட்டம் சிரிக்கிறது, அவளும் முக்காட்டுக்குள் சிரிக்கிறாள், ஆனால் உள்ளங்காலில் அந்த நடுக்கம் நிற்கவில்லை, இன்றைக்கும் நிற்கவில்லை, அது என்ன ஆசை என்று அவளுக்குப் பேர் சொல்லத் தெரிய வெகுகாலமானது, கேட்கும் ஆசை இல்லை அது, ஊதும் ஆசை.

முன்னும் பின்னும், முன்னும் பின்னும், இந்தப் பள்ளத்தின் வடிவம் அவள் கைக்குத் தெரியும், இது சுவரில் இடித்த பள்ளம் இல்லை, ஒரு மனிதன் விழுந்த பள்ளம், விலாவெலும்பு வரிசைகூட விரலுக்குத் தட்டுப்படுகிறது. கஸ்பார் விழுந்த வருசத் திருவிழாவில் சப்பரம் தெரு முனை திரும்புகிறது, மாதாவின் நீலப் பட்டில் சீரியல் விளக்கு மினுங்குகிறது, முன்னால் பேண்டு, பேண்டின் கடைசியில் ஆனையைச் சுமந்துகொண்டு கஸ்பார், அவள் பெண்கள் கூட்டத்தில் மெழுகுவர்த்தியோடு நடக்கிறாள், திடீரென்று பாட்டுக்குத் தரை இல்லாமல் போகிறது, டிரம்பெட்டெல்லாம் அந்தரத்தில் கத்துகின்றன, அடியில் இருந்த அந்த நடுக்கத்தைக் காணோம், என்ன என்று அவள் காது கேட்பதற்குள் கால் ஓடுகிறது, அவன் குழலின்மேல் குப்புற விழுந்து கிடக்கிறான், வலது பக்கம் முகம் இறங்கி, வலது கை யாருடைய கையோ போலக் கிடக்க, பின்னால் வருகிற சப்பரத்தைத் தூக்கியவர்களால் சட்டென்று நிற்க முடியவில்லை, அவனை இழுத்துவிட்டார்கள், ஆனையை இழுக்க நேரமில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்து வாயைக் கோணிக்கொண்டு கேட்ட முதல் வார்த்தை அவளுக்கு மட்டும்தான் புரிந்தது, உதடு சேராமல் வந்த வார்த்தை, ஆனைக்கு அடியா, அவள் பொய் சொன்னாள், இல்லங்க, ஒண்ணும் ஆவல. நசுங்கிய குழலைச் சாக்கில் சுற்றிக் கோயில் மாடத்தில் போட்டார்கள், புறா கூடு கட்டியது, தொட்டால் ஆகாது என்று யாரோ சொல்ல, அதையே எல்லாரும் சொன்னார்கள்.

உதடு திரும்பவில்லை, வலது கையும் திரும்பவில்லை, அவன் பழுது பார்த்துவந்த பட்டறையில் ஒட்டாமல் கிடந்த குழல்களுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் வந்து தயங்கித் தயங்கி நின்றார்கள், அப்போதுதான் அவள் ஈயம் உருக்கும் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள், எனக்கு வாய் இருக்கு, உனக்குக் கை இருக்கு, ரெண்டும் சேந்தா ஒரு ஆளு, என்று கஸ்பார் குழறிக் குழறிச் சொன்னான், அவன் சொல்வான், அவள் செய்வாள், சூடு போதாது, சூடு போதும், இப்ப ஈயத்த வை, இப்ப எடு, வால்வுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போடு, முறுக்காத, கெஞ்சு, அது கேக்கும், இப்படியே போய்க்கொண்டிருந்து எந்த நாளில் அவன் சொல்வதை நிறுத்தினான் என்று அவளுக்கு நினைவில்லை, ஒருநாள் ஒரு யூபோனியத்தைப் பற்றவைத்து முடித்து நிமிர்ந்தபோது அவன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான், வெகுநேரமாகவே பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, என்னங்க, ஒண்ணும் சொல்லல, என்றாள், சொல்லதுக்கு ஒண்ணும் இல்லட்டி, என்று நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான், அந்த ஒரு திருப்பலில் பெருமை எவ்வளவு வலி எவ்வளவு என்று அவள் எடைபோட்டுப் பார்த்ததில்லை, பார்க்கக் கூடாது என்று இருந்துவிட்டாள்.

பற்றவைத்தால் மட்டும் போதாதே, ஊதிப் பார்க்க வேண்டுமே, காற்று எங்கே கசிகிறது, எந்த வால்வு முனகுகிறது என்று உதட்டுக்குத்தான் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு, குழலின் வாய்க்குள் கோடுபோட்ட துண்டைச் சுருட்டித் திணித்து, சத்தம் வெளியே போகாமல் ஊதிப் பழகினாள், முதலில் காற்று மட்டும் வந்தது, பிறகு கன்றுக்குட்டி கத்துவதுபோல ஒன்று, பிறகு ஒருநாள் உதடு தானாக இடம் கண்டுகொண்டு ஒரு சுரம் நின்றது, துண்டுக்குள் மூச்சுத் திணறிக்கொண்டே நின்றது, அவள் அழுதுவிட்டாள், துண்டையும் மீறித் தெருவுக்குக் கொஞ்சம் கசிந்திருக்க வேண்டும், மறுநாள் மாதா சபைத் தலைவி சிசிலி அக்கா மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசலில் நின்று, என்ன கஸ்பாரு, வாய் தேறிட்டு போல, ராகமெல்லாம் கேக்கு என்றாள், உள்ளே டெல்பின் கையில் ஈயக்கோலோடு அசையாமல் நின்றாள், கஸ்பார் பாதி முகத்தால் சிரித்து, ஆமாக்கா, ஒரு பக்கமா ஊதுதேன், மறு பக்கம் லீவுல போயிருக்கு என்றான், சிசிலி அக்கா சிரித்துக்கொண்டே போனாள், அவன் உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை, அவளும், அவன் இழந்ததில் ஒரு துண்டு அவனுக்குத் திரும்பக் கிடைத்ததாக இருக்கட்டும் என்று விட்டாள், அப்படி விட்டது பிறகு அவள் தலைமேல் உட்கார்ந்துகொண்டது, ஊரில் யார் கேட்டாலும் அது கஸ்பார் ஊதிப் பார்த்த குழல் என்றானது.

கடற்கரை பேண்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம், பழுது பார்த்த குழலை யாரும் சும்மா கையில் வாங்க மாட்டார்கள், ஒட்டினவன் எல்லாருக்கும் முன்னால் நின்று முதலில் ஊதிக் காட்ட வேண்டும், ஓட்டையை மெழுகாலும் சோப்பாலும் அடைத்துக் கொடுத்து ஏமாற்றியவர்கள் உண்டு, ஊதினால் குட்டு வெளிப்பட்டுவிடும், கஸ்பார் நல்லாயிருந்த காலத்தில் கோயில் முற்றத்தில் நின்று ஊதிக் காட்டுவான், கூட்டம் கூடும், கைதட்டும், அவன் விழுந்தபிறகு, வீட்டுக்குள் ஊதிப் பார்த்தாலும் முற்றத்தில் தூக்கி நிற்க அவனால் ஆகாது என்று, அந்த இடத்தில் இன்னாசியின் மகன் பெர்க்மன்ஸ் நின்றான், கஸ்பார் வீட்டுக்காக ஊதுகிறான் என்று சொன்னார்கள், டெல்பின் குழலைத் தூக்கிக்கொண்டு போய் அவன் கையில் கொடுத்துவிட்டுத் தூணோரம் ஒதுங்கி நிற்பாள், கைதட்டல் அவளைத் தாண்டிப் போகும், ஒருதடவை பெர்க்மன்ஸ் ஊதிய முதல் சுரம் கொஞ்சம் சரிந்தபோது, உதட்டைக் கொஞ்சம் இறுக்குல, என்று அவளுக்கு நாக்குநுனிவரை வந்தது, விழுங்கிவிட்டாள், இப்படி விழுங்கியவற்றையெல்லாம் கொட்டினால் ஆனையின் வயிறு நிறையும்.

ஆனையை இறக்க வேண்டும் என்று இன்னாசிதான் வந்து சொன்னார், புதுச் சாமியார் வந்திருக்காரு, கொடியேத்தத்துக்கு அந்தக் காலத்துல மாதிரி ஆனைச் சத்தம் வேணுங்காரு, முடியுமாம்மா, என்று சாக்கை அவிழ்த்துப் போட்டார், புறா இறகும் சுண்ணாம்பும் பச்சைக் களிம்பும் நசுங்கிய தகடுமாக அது கிடந்ததைப் பார்த்துக் கஸ்பார் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான், டெல்பின் குனிந்து வயிற்றைத் தடவினாள், விலாவெலும்பு விரலில் பட்டது, முடியும் அத்தான் என்றாள், சரி, அன்னைக்குப் பெர்க்மன்ஸ் ஊதிக் காட்டட்டும், அவனுக்கும் ஆனை தூக்குத வயசு வந்துட்டு, என்று இன்னாசி நல்ல மனதோடுதான் சொன்னார், அவர் எதையும் கெட்ட மனதோடு சொன்னதில்லை, பொம்பளப் புள்ள சபையில வாய உப்பிக்கிட்டு நிக்கிறது உனக்கே சங்கடமால்லா இருக்கும், என்றார், அவள் கால்பெருவிரலால் ஒரு புறா இறகை நகர்த்தினாள். இந்தத் தடவை அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, கதவைச் சாத்தாமல், துண்டைத் திணிக்காமல், கோயில் முற்றத்தில் ஒரே ஒரு மூச்சு, ஒட்டினவள் ஊதிக் காட்ட வேண்டும், கல்யாண நாளிலிருந்து உள்ளங்காலில் நிற்கும் அந்த நடுக்கத்தை இந்தத் தடவை அவள் அனுப்ப வேண்டும்.

களிம்பை எலுமிச்சைத் தோலால் கழுவினாள், இறுகிய வால்வுகளை நாள்கணக்கில் கெஞ்சினாள், ஒன்று அசைந்த அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்குப் பாயசம் கொடுத்தனுப்பினாள், என்ன விசேசம் என்று கேட்டால் என்ன சொல்வது, அடிவளைவில் வெளிச்சத்தைப் பிடித்தால் தகடு வெங்காயச் சருகுபோல இருந்தது, மாதா சபைப் பெண்கள் பக்தியோடு தேய்த்தே கரைத்துவிட்ட இடம், அதை வெட்டி எறிய மனமில்லாமல் அதன்மேலேயே புதுத் தகட்டை வளைத்து ஒட்டினாள், பழைய தோலுக்கு வெளியே புதுத் தோல், சிசிலி அக்கா வந்து எட்டிப் பார்த்து, கொஞ்சம் புளி கொண்டாரட்டா என்றபோது, அக்கா, நீங்க தேச்ச வரைக்கும் போதும், ஆனைக்குத் தோலு மிச்சம் இருக்கட்டும், என்றாள், அக்கா முறைத்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். குழலின் வாயை அடைத்துக் காற்றை ஊதித் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கிப் பார்த்தால் எங்கிருந்தோ ஒரு குமிழி வரும், அந்த இடத்தை ஒட்டினால் வேறொரு இடத்திலிருந்து, ஒட்டினால் இன்னொன்று, முத்துக் குளிக்கிறவன் மேலே வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோலத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசியில் தண்ணீர் அசையவே இல்லை, தொட்டியில் வானம் மட்டும் இருந்தது, பள்ளம்தான் பாக்கி, முன்னும் பின்னும், முன்னும் பின்னும், கை வலிக்கிறது, தோள் வலிக்கிறது, அவன் விழுந்த விழுகையை உள்ளேயிருந்து எழுப்புகிறாள், ஒவ்வொரு எலும்பாக, முன்னும் பின்னும்.

இப்போது பித்தளைக்குள் அவள் முகம் நீள்கிறது, கலங்குகிறது, குழம்பி முகமே இல்லாமல் போகிறது, ஒரு கணம் அங்கே வெறும் மஞ்சள் வெளிச்சம்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை இழுக்கிறாள், அப்போது அது நடந்தது, சத்தமே இல்லாமல் நெற்றி மேலே வந்தது, தாடை கீழே இறங்கியது, அகன்ற கன்னத்தோடு யாரோ ஒரு பெண் நேராக நின்று அவளைப் பார்த்தாள், என்னங்க, என்று கத்தினாள் டெல்பின், எந்திரிச்சாச்சு. கஸ்பார் திரும்பினான், இத்தனை நாளில் முதல் தடவையாக நாற்காலியை இழுத்துத் திருப்பி, எழுந்து, காலை இழுத்து இழுத்து வந்து, இடது கையால் வயிற்றைத் தடவினான், தான் விழுந்த இடத்தைத் தேடினான், ஒன்றும் அகப்படவில்லை, ஆனை, என்றான், அந்தப் பேரைச் சொன்னான், ஊதிப் பாரு. அவள் பழக்கத்தில் கதவைச் சாத்தப் போனாள், பழக்கத்தில் கொடியில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டினாள், கஸ்பார் கையை நீட்டி அதை வாங்கினான், சுருட்டிய துண்டை உதறி, கோணிய வாயோரம் வழிந்ததைத் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டான், துண்டு மூஞ்சி தொடைக்கதுக்குட்டி, என்றான், இங்க ஊதாத, அங்க வந்து ஊது, எம்பேரச் சொல்லி இத்தன நாளு ஊதுனது போதும்.

முற்றத்தில் கூட்டம், கொடிக் கயிற்றைப் பிடித்தபடி சாமியார், சிவப்புக் கோட்டில் பேண்டு, புது உதட்டெண்ணெய் பளபளக்கப் பெர்க்மன்ஸ் முன்னால் நின்று கையை நீட்டுகிறான், கொடுங்க சித்தி, அவள் கொடுக்கவில்லை, தூணோரம் போகவில்லை, ஆனையைத் தோளைச் சுற்றி ஏற்றிக்கொண்டு, முந்தானையை இறுகச் சொருகிக்கொண்டு நிற்கிறாள், ஒட்டினது நான்தானப்பா, என்கிறாள் பெர்க்மன்ஸிடம், அவன் அப்பாவைப் பார்க்கிறான், இன்னாசி வாயைத் திறக்கிறார், கூட்டத்தின் ஓரத்திலிருந்து குழறலாக ஒரு சத்தம், அண்ணே, வழக்கத்த மாத்தாத, ஒட்டுன கைதான் ஊதணும், எல்லாரும் திரும்பினால் கஸ்பார் தோளில் கோடுபோட்ட துண்டோடு நிற்கிறான், நானா ஊதுனேன் இத்தன வருசமா, வாயப் பாருங்கல என் வாய, என்கிறான், சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை, சிசிலி அக்காதான், அடி பாவி மகளே, நீயாட்டி, என்று நெஞ்சில் கை வைக்கிறாள். அவள் கண்ணை மூடுகிறாள், உதடு குளிர்ந்த பித்தளையில் இடம் தேடுகிறது, துண்டில்லாத குழலுக்குள் மூச்சு இறங்கி இறங்கிப் போகிறது, தடுக்க ஒன்றுமே இல்லை, வளைவுகளில் வழுக்கி, ஒட்டிய இடத்தையெல்லாம் கடந்து, விலாவெலும்பு இருந்த இடத்தைக் கடந்து, எங்கேயும் கசியாமல், பிறகு அது வந்தது, அவள் காதில் இல்லை, உள்ளங்காலில், சிமிண்டுத் தரை நடுங்கியது, மாடத்துப் புறா மொத்தமும் கிளம்பி வானத்தில் சிதறியது, தகரக் கொட்டகை அதிர்ந்தது, கல்யாணத்தன்று பயந்து நின்ற பெண்ணின் முழங்காலுக்கும் அடிவயிற்றுக்கும் இன்றைக்கு இவளே அதை அனுப்பிக்கொண்டிருந்தாள், மூச்சு முடிகிறவரை விடவில்லை, முடிந்து கண்ணைத் திறந்தபோது கொடி பாதிக் கம்பத்தில் நின்றது, சாமியார் கயிற்றை இழுக்க மறந்துபோயிருந்தார்.

பிறகுதான் கைதட்டல் வந்தது, அது இந்தத் தடவை அவளைத் தாண்டிப் போகவில்லை. கஸ்பார் துண்டால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது, பாதி முகம் அழுதது, பாதி முகம் சும்மா இருந்தது. இன்னாசி கிட்டே வந்தார், அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது, துளி கசியலம்மா, என்றார் தாழ்ந்த குரலில், ஆனை அப்படியே வந்துட்டு, சரி, ஊதிக் காட்டியாச்சுல்லா, வழக்கமும் நடந்துபோச்சு, இனி பெர்க்மன்ஸ்கிட்டக் குடு, சப்பரத்துக்கு முன்னால சுத்து வரணும், நேரமாவுது, என்று அன்போடு கையை நீட்டினார், பேண்டு காத்திருந்தது, டிரம்முக்காரன் குச்சியை உயர்த்திவிட்டான். டெல்பின் குனிந்து பார்த்தாள், தோளைச் சுற்றி வளைந்த ஆனையின் வயிற்றில் அவள் முகம், நிமிர்ந்து, கன்னம் அகன்று, நெற்றிக்குமேல் சாயங்கால வானமும் பாதி ஏறிய கொடியும் சிதறிப் பறக்கும் புறாக்களும் எல்லாம் அவளோடு நேராக நின்றன, ஊதிய சூடு பித்தளையிலிருந்து விலாவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இப்பதான் சூடேறிருக்கு அத்தான், என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி, கை மாறுனா ஆறிப்போவும், ஆறுனா சுருதி எறங்கிரும், என்று சொல்லிவிட்டு, பேண்டின் கடைசி வரிசையில், முன்பு கஸ்பார் நிற்கும் இடத்தில் போய் நின்று, மூச்சை இழுத்தாள்.